நைட்டிக்கு மேல் ஒரு துண்டு

பால் வாங்கக் கீழே இறங்கும்போது என் கை தானாகக் கதவுக்குப் பின்னால் இருக்கிற ஆணிக்குப் போகும். அங்கே தொங்கும் துண்டை எடுத்து நைட்டிக்கு மேலே தோளில் போட்டால்தான் படியிறங்கக் கால் வரும். காலடிப்பேட்டைக்கு வாழ வந்து முப்பது வருஷம். முப்பது வருஷமும் இப்படித்தான் விடிந்திருக்கிறது. எங்கள் தெருவில் மட்டும் இல்லை. ராயபுரத்தில் ஆரம்பித்து எண்ணூர் வரை எந்தச் சந்தில் நின்று பார்த்தாலும் இதே கோலம்தான். தண்ணி லாரிக்குக் குடத்தோடு ஓடுபவர், பிள்ளையை ஆட்டோவில் திணிப்பவர், இட்லிக்கடையில் சில்லறைக்குச் சண்டை போடுபவர், எல்லார் தோளிலும் ஏதோ ஒன்று கிடக்கும். துப்பட்டா, துண்டு, அவசரத்துக்குப் பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டை.

போன மாதம் மகள் கேட்டாள். "ஏம்மா, நைட்டி கழுத்துலேருந்து கால் வரைக்கும் மூடித்தானே இருக்கு? அதுக்கு மேல இந்தத் துண்டு எதை மூடுது?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. உண்மையில் அது எதையும் மூடுவதில்லை. பாதி நேரம் ஒரு தோளில் கயிறு மாதிரிக் கிடக்கும். வீட்டிலிருந்து வெளியே வந்துவிட்டேன் என்பது எனக்குத் தெரியும் என்று தெருவுக்குக் கொடுக்கிற ரசீது அது, அவ்வளவுதான். ஆந்திராவில் மேற்கு கோதாவரிப் பக்கம் தோகலப்பள்ளி என்ற கிராமத்தில் 2018இல் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பகலில் பெண்கள் நைட்டி போடக் கூடாது, மீறினால் 2000 ரூபாய் அபராதம் என்று முடிவு செய்தார்கள். சேலையில் தெரிகிற இடுப்பு நைட்டியில் தெரியாது. ஆனாலும் சேலை அடக்கம், நைட்டி அடக்கமில்லை. அளக்கிறவர்கள் துணியை அளக்கவில்லை என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

மகளுக்கு முன்பே என்னிடம் இந்தக் கேள்வியைக் கொண்டுவந்தது ஒரு ஷிப்பிங் பில்.

மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் பதினெட்டு வருஷம் டைப் அடித்தேன். கிரானைட், தோல், வெங்காயம் என்று போகிற பில்களுக்கு நடுவில் ஒரு நாள் மனித முடி வந்தது. பதப்படுத்தாத முடி என்றால் 0501, பதப்படுத்தி வரிசைப்படுத்தியது 6703, விக்காகவே தைத்துப் போனால் 6704. முடிக்குப் போய்க் கிலோக் கணக்கா என்று அன்றைக்குச் சிரித்தேன். பிறகு தரம் பார்க்கக் கற்றுக்கொண்டேன். கோயிலில் மழித்த முடியில் வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் ஒழுங்காக இருக்கும், சிக்காது. அதற்கு ரெமி என்று பெயர், விலை அதிகம். பெண்கள் சீப்பிலிருந்து உருவி ஜன்னல் இடுக்கில் சுருட்டி வைப்பார்களே, தெருவில் கூவிக்கொண்டு வருகிறவர் எடைக்கு வாங்கிப் போவாரே, அந்தச் சிக்குமுடி இரண்டாம் தரம்.

"இதெல்லாம் யாரு சார் வெச்சுக்கறாங்க?" என்று மூத்த கணக்கரிடம் கேட்டேன்.

"பலபேரு இருக்காங்கம்மா. அதுல யூதப் பொம்பளைங்க ஒரு வகை. கல்யாணம் ஆயிட்டா சொந்தத் தலைமுடிய வெளியில காட்ட மாட்டாங்க. அதுக்கு மேல விக் வெச்சுக்குவாங்க."

முடியை மறைக்க இன்னொரு முடியா? அதுவும் திருப்பதியிலும் பழனியிலும் மழித்ததா?

யூதர்கள் எங்கள் பக்கத்துக்குப் புதியவர்கள் இல்லை. ஆபீசுக்கு அடுத்தடுத்த தெருக்களில் ஒன்று பவளக்காரத் தெரு. 17ஆம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடல் பவளத்தை இங்கே இறக்கி, வைரம் வாங்கிப் போன யூத வியாபாரிகளின் காலத்திலிருந்து வருகிற பெயர். 1688இல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோது அதன் ஆல்டர்மேன்களில் அவர்களும் இருந்தார்கள். பவளமும் வைரமும் போய், இப்போது முடி. இந்தத் துறைமுகம் ஊர் உலகத்துப் பெண்களின் கழுத்துக்கும் தலைக்கும் சுமந்தே தேய்ந்திருக்கிறது.

2002 மார்கழியில் வாங்குகிறவர் தரப்பிலிருந்து ஒரு பெண்மணி அமெரிக்காவிலிருந்து வந்தார். கணுக்கால்வரை நீல ஜீன்ஸ் துணிப் பாவாடை, முழங்கையைத் தாண்டிய கை, கழுத்தெலும்புக்கு மேலே ஏறி நிற்கிற கழுத்து, காலில் மஞ்சள் கேன்வாஸ் ஷூ. தோள்வரை பழுப்பு முடி, படிய வாரி, அவ்வளவு அழகு. அவர் போய் அரை மணி கழித்துத்தான் எனக்கு உறைத்தது, அது விக்.

மறுநாள் தைரியம் வந்து கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார், சொந்த முடி வீட்டுக்கு, இது வெளிக்கு. அகம், புறம் என்று நம்மூர்ப் பெருமை பேச எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் அதற்குள் மெட்ராஸ் புழுக்கத்தில் விக்குக்கு அடியில் எப்படி அரிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அவர் கடைப்பிடித்த அடக்கத்துக்கு எபிரேய மொழியில் ட்ஸ்னியுத் என்று பெயர். அந்தச் சொல்லின் வேர் பைபிளின் மீகா புத்தகத்தில் வருகிறது. அங்கே அது உடுப்பைப் பற்றியது இல்லை, மனிதன் எப்படி நடக்க வேண்டும் என்பதைப் பற்றியது. முழங்கை, முழங்கால், கழுத்தெலும்பு என்ற கணக்கெல்லாம் பிறகு வந்து சேர்ந்தது. தலையை எதனால் மூடுவது என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. ஓவாதியா யோசெப் என்ற பெரிய ராபி விக்கே கூடாது, துணிதான் கட்ட வேண்டும் என்றார். லுபாவிட்ச் இயக்கத் தலைவர் மெனாகெம் ஷ்னீர்சன் விக்தான் நல்லது, துணி என்றால் சட்டென்று நழுவும், கழற்றவும் தோன்றும் என்றார். மும்பைப் பக்கத்து பெனே இஸ்ரயேல் யூதப் பெண்களோ சேலை முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டு பிரார்த்தனைக்குப் போய்விட்டார்கள். ராயபுரம் பீட்டர் கோயிலில் பூசைக்கு வருகிற எங்கள் ஊர்ப் பெண்களை நினைத்துக்கொண்டேன்.

நான் போட்டிருந்த ரவிக்கையின் நீளக் கை அந்த அமெரிக்கப் பெண்மணிக்குப் பிடித்துப்போனது. அதேபோல ஒன்று தைக்க வேண்டும் என்றார். பிராட்வே பக்கத்தில் எனக்குத் தெரிந்த டெய்லர் மாஸ்டரிடம் கூட்டிப் போனேன். மாஸ்டர் இஞ்ச் டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வழக்கம்போலக் கேட்டார். "கழுத்து எவ்ளோ எறக்கட்டும்? கை முட்டிக்கு மேலயா, கீழயா?" நான் மொழிபெயர்த்ததும் அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய வேதக் கல்வி முழுக்க இந்த இரண்டு கேள்விதானாம். அப்புறம் ஒரு மணி நேரம் நிறம் பார்த்தார். மாம்பழ மஞ்சளா, கிளிப்பச்சையா, பட்டன் முன்னாலா, பின்னாலா, கை ஓரத்தில் பைப்பிங் வேண்டுமா. எல்லை எங்கே என்பதை வேறு யாரோ முடிவு செய்துவிட்டதால், மிச்சம் இருந்த அவ்வளவு இடத்திலும் அவர் வீடு கட்டிக் குடியிருந்தார். எந்த எல்லையும் இல்லாமல் ஒரு கடை முழுக்கச் சுடிதார் பார்த்துவிட்டு வழக்கமான பிரவுனையே எடுத்து வருகிற என்னை நினைத்தால் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

2004 மே மாதம் பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. ஜெருசலேமின் மூத்த ராபி எல்யாஷிவ், திருப்பதியில் மழித்த முடி விக்கிரகத்துக்குப் படைத்தது, அதனால் அந்த விக்கைத் தொடக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். லண்டனிலிருந்து ஒரு ராபி திருப்பதிக்கே வந்து பார்த்துவிட்டுப் போனதை வைத்துச் சொன்ன தீர்ப்பு. புரூக்ளினில் நடுத்தெருவில் விக்குகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் டாலர் பெறும். மறுநாளே பெண்கள் துணிக்கும் செயற்கை முடிக்கும் மாறிவிட்டார்கள்.

ஆபீசில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அம்மாதான் நினைவுக்கு வந்தாள்.

அப்பாவுக்குக் காமாலை முற்றி, பிழைப்பாரா என்று இருந்த வருஷம் அம்மா திருத்தணிக்கு வேண்டிக்கொண்டாள். முழங்கால்வரை தொங்குகிற முடி அவளுக்கு. உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் எல்லாம் மடியில். மழித்த தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, முந்தானையை இழுத்து மூடி மின்சார ரயில் ஏறினாள். திருவள்ளூர் தாண்டியதும் ஜன்னலோரம் முக்காட்டை எடுத்துவிட்டாள். "காத்து ஜில்லுனு இருக்குடி" என்றாள். ஐம்பத்திரண்டு வயதில் அவள் தலைக்கு முதல்முறையாகக் காற்று பட்டது. அதன்பிறகு தெருவில் அவள் மூடவே இல்லை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. "திருத்தணியா?" என்பார்கள், அவ்வளவுதான். வேண்டுதல் மொட்டையைவிட கனமான முக்காடு நம் ஊரில் இல்லை. அதே தெருவில் பாய் கட் வெட்டிக்கொண்டு வந்த காலேஜ் பெண்ணை ஒரு வாரம் பேசினார்கள்.

அம்மா கொடுத்தது படையலா? நம் பாஷையிலேயே அது முடிகாணிக்கைதான். சொல்லை வைத்துப் பார்த்தால் ராபி சொன்னது தப்பில்லை. முடி இறக்குகிற இடம் சன்னதிக்கு வெளியே தனியாக இருக்கிறதே, முடியைச் சாமி முன்னால் யாரும் வைப்பதில்லையே என்று அவர்களுக்குள்ளும் எதிர்வாதம் செய்தார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. அம்மாவைக் கேட்டிருந்தால், "கடன அடைச்சேன், பாரம் எறங்குச்சு" என்றிருப்பாள். அவளை யாரும் கேட்கவில்லை. முழங்கால் நீள முடியை இறக்கிக் கொடுத்தது ஒரு பெண், அதை விலை கொடுத்து வாங்கித் தலையில் வைத்து, பிறகு நெருப்பில் போட்டது இன்னொரு பெண். நடுவில் பேசினவர்கள் எல்லாரும் ஆண்கள்.

அதனால்தான் அந்தப் பாவாடைக்கார அம்மாவின் சந்தோஷத்தை அப்படியே நம்பவும் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. மூடச் சொல்கிறவர் யார் என்பதைப் பொறுத்து ஒரே முழத் துணியின் அர்த்தம் மாறிவிடுகிறது. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்வதற்காகத்தான் அடிபட்டார்கள். இங்கே கோட்டையிலிருந்த ஆளுநர் சார்லஸ் ட்ரெவெல்யன் நெருக்கிய பிறகுதான் 1859இல் திருவிதாங்கூர் அரசர் இறங்கி வந்தார். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸில் நடந்தது இதற்கு நேர்மாறு. கறுப்பினப் பெண்கள் அலங்காரம் செய்துகொண்டு திரிவது கண்ணை உறுத்துகிறதென்று, 1786இல் ஸ்பானிய ஆளுநர் மிரோ அவர்கள் தலையைத் துணியால் கட்டியாக வேண்டும் என்று ஆணை போட்டார். கட்டினார்கள். எப்படி? சோழமண்டலக் கரையிலிருந்து போன கட்டம் போட்ட துணியை எடுத்து, உயரமாக, மடிப்பு மடிப்பாக, நகை குத்தி. மட்டம் தட்டப் போட்ட சட்டம் மோஸ்தராகிவிட்டது. கரீபியன் தீவுகளான மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் அந்தத் துணிக்கு இன்றைக்கும் பெயர் மத்ராஸ். எங்கள் காலடிப்பேட்டையே 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் கோலெட் நெசவாளர்களுக்காக ஏற்படுத்திய கோலெட் பேட்டைதான். அந்தப் பெண்களின் தலையில் இருந்ததில் ஒரு முழமாவது எங்கள் தறியில் நெய்ததாக இருக்கட்டும் என்று நான் ஆசைப்படுவது வெறும் ஊர்ப்பற்று.

மகளுக்கு இந்தக் கதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா, நீ யாருக்காகத் துண்டு போடற, அதச் சொல்லு" என்றாள். அவள் வேலைக்கு ஜீன்ஸ், குர்தா போட்டுக்கொண்டு காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறுகிறவள்.

தெருவுக்காக, என்றேன். சொல்லும்போதே அது முழு உண்மை இல்லை என்று தோன்றியது. துண்டு இல்லாமல் ஒரு நாள் பால் பூத் வரை போய்ப் பார்த்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குத்தான் கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, பையை மார்போடு அணைத்துக்கொண்டே திரும்பி வந்தேன். பழக்கம் என்று சொல்லலாம், பயம் என்றும் சொல்லலாம். கதவுக்குள்ளே ஒருத்தி, வெளியே ஒருத்தி என்று இருக்க எனக்கும் பிடித்திருக்கிறது என்றும் சொல்லலாம். மூன்றும் எந்த விகிதத்தில் கலந்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை.

ஆணியில் தொங்கிய பழைய குளியல் துண்டை மட்டும் தரை துடைக்கப் போட்டுவிட்டேன். போன வெள்ளிக்கிழமை மெரூனும் மஞ்சளும் கட்டம் போட்ட பருத்தித் துணி ரெண்டு மீட்டர் எடுத்து, ஓரம் அடித்து, மெரூன் நைட்டிக்கு மேலே போட்டுக்கொண்டு இறங்கினேன். எதிர்வீட்டுப் பெண் குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"இன்னாக்கா, நைட்டிக்கு மேட்ச்சா துண்டு? எங்க எடுத்த?"

"எம்.சி. ரோட்ல. மீட்டர் நூத்தி இருவது."

"நூத்தி இருவதா? ஏமாந்துட்டக்கா" என்று துணியின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தாள். "கலர் போவுமா?"

மெட்ராஸ் துணி கொஞ்சம் போகத்தான் போகும் என்றேன். லாரி வந்துவிட்டது. அவள் குடத்தை மறந்து, தன் பச்சை நைட்டிக்கு எந்தக் கட்டம் எடுபடும் என்று கேட்டுக்கொண்டு நின்றாள்.