பாதிப் பாலம்

சீனத்தின் தன்டோங் நகரில், யாலு ஆற்றின் நடுவே முடிந்துவிடும் இரும்புப் பாலமொன்றின் மேல் நாம் நடந்தோம். அதற்கப்பால் கொரியக் கரை வரையும் வெறுந் தூண்களே எஞ்சி நிற்கின்றன. 1950 நவம்பரில் அமெரிக்க விமானங்கள் இதனைத் தகர்த்தன. விமானிகள் பெற்ற கட்டளை விசித்திரமானது: கொரியப் பக்கத்தை மட்டுமே தாக்கலாம்; சீன எல்லையைத் தாண்டலாகாது. எல்லைக்கோடு காப்பாற்றப்பட்டது, எதிர்க்கரையிலுள்ள சினுய்ஜு நகரமோ எரிகுண்டுகளுக்கு இரையாயிற்று. கோட்டை மதித்த நீதி மனிதரை மதிக்கவில்லை.

பாலம் அமைப்பது அறம், தகர்ப்பது மறம் என்று இவ்விடத்தில் முடித்துவிடலாமா? முடியாது. 1910இல் கொரியாவை விழுங்கிய ஜப்பானிய ஏகாதிபத்தியமே 1911இல் இப்பாலத்தைக் கட்டி முடித்தது. மஞ்சூரியாவை நோக்கிய அதன் ஆதிக்கப் பாதையே இது. ஆகவே, இணைப்பு என்பதனாலேயே ஒன்று நல்லதாகிவிடுவதில்லை. யாருக்காக, யாருடைய சம்மதத்தோடு என்பதே கேள்வி.

இரத்தோட்டையில் ஆசிரியத் தொழில் புரியும் நமக்கு இக்கேள்வி தொலைதூரத்தது அன்று. நம் மாணவரின் மூதாதையர் கடல் கடந்து, மாத்தளைக்கு வரும் காட்டுவழியே நடத்தி வரப்பட்டனர். வழியில் மடிந்தோர் பலர். அவ்வழியும் ஓர் இணைப்புத்தான்; தோட்டத் துரைமாரின் இலாபத்திற்கான இணைப்பு.

1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்தம் சந்ததியினரை நாடற்றோராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். எஞ்சிய 1,50,000 பேரும் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பங்கிடப்பட்டோரின் பிரதிநிதிகளுக்கு அப்பேச்சுவார்த்தையில் இடமிருக்கவில்லை. அண்ணன் நீலகிரிக்கும் தம்பி இம்மலைக்குமாகச் சிதறிய குடும்பங்கள் எத்தனை! யாலுவில் இரும்பைப் பாதியாக்கிய அதே கணக்கு, இங்கே உறவைப் பாதியாக்கிற்று.

2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியிருந்தோர்க்குப் பிரசாவுரிமை அளித்தது, வரவேற்போம். ஆயினும் பத்திரம் கிடைத்ததனால் மட்டும் பாலம் முழுமை பெறுமா? லயன் அறையில் வாழ்வோன் நிலத்துக்கும் வீட்டுக்கும் உரியவனாகும் வரை, அவன் நிற்பது பாதிப் பாலத்தின் மேல்தான்.

தன்டோங்கில் அந்தப் பாதியைக் காட்சிப்பொருளாகப் பாதுகாக்கிறார்கள். நம் மலைகளில் நிற்கும் பாதியைப் பாதுகாப்பதன்று, கட்டி முடிப்பதே நம் கடன். அதன் மறுபாதியை யார் கட்டுவது என்று மாணவர் கேட்பர். அதன்மேல் நடக்க வேண்டியவர்களே கட்ட வேண்டும். அவர்களோடு தோள் கொடுத்து நிற்பது ஆசிரியராகிய நம் பொறுப்பு.