திசை தேடுவதும் ஓர் அமலே!

காஞ்சிபுரத்தில் பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற பகுதி பிள்ளையார்பாளையம். நிக்காஹ் பட்டு எடுக்க வெளியூர் சென்ற ஒரு குடும்பத்தார் அங்கே இருக்கும்போது அஸர் வக்து வந்துவிடுகிறது என்று வைத்துக் கொள்வோம். காந்தமுள் இல்லை, கைப்பேசியில் சார்ஜும் தீர்ந்துவிட்டது. கிப்லா எந்தப் பக்கம்?

கோவில் நகரமாயிற்றே, கோபுரத்தைப் பார்த்துத் திசை சொல்லிவிடலாம் என்று தோன்றும். ஆனால் கைலாசநாதர் கோவில் கிழக்கு நோக்கியது. வரதராஜப் பெருமாள் சன்னதி மேற்கு நோக்கியது. ஏகாம்பரநாதர் கோவிலின் ராஜகோபுரமோ தெற்கே நிற்கிறது. கட்டடத்தை நம்பினால் குழப்பமே மிஞ்சும்.

"மேற்கு பார்த்துத் தொழுதால் போதும்" என்பது நம் வீடுகளில் வழங்கும் சொல். காஞ்சியிலிருந்து கஃபா நேர் மேற்கில் இல்லை; மேற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 18 பாகை தள்ளி இருக்கிறது. நேர் மேற்கு நோக்கிக் கோடு இழுத்துக் கொண்டே போனால், அது மக்காவுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே எத்தியோப்பியாவைக் கடக்கும். கையை நேராக நீட்டி முஷ்டியை மூடினால் அதன் அகலம் சுமார் 10 பாகை. மேற்கு நோக்கி நின்று, இரண்டு முஷ்டிக்குச் சற்றுக் குறைவாக வலப்புறம் திரும்பினால் கிப்லா.

மேற்கை எப்படி அறிவது? சூரியன் மறையுமிடம் எல்லா நாளும் ஒன்றல்ல. ஜூன் கடைசியில் அது காஞ்சிக்கு மேற்கிலிருந்து 24 பாகை வடக்கே மறைகிறது. டிசம்பரில் அதே அளவு தெற்கே மறைகிறது. மே இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் முதல் வாரத்திலும் கிப்லாவின் திக்கிலேயே மறைகிறது.

சமதரையில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு, அதைச் சுற்றி வட்டம் வரையுங்கள். முற்பகலில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடம் ஒன்று. பிற்பகலில் தொடும் இடம் மற்றொன்று. முதல் புள்ளி மேற்கு, இரண்டாவது கிழக்கு. இரண்டையும் இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு. நம் நாட்டுச் சிற்பிகள் கோவிலுக்கு மனை வகுத்த முறையும் இதுவே. முஸ்லிம் வானியல் அறிஞர்கள் இதற்கு "இந்திய வட்டம்" என்றே பெயரிட்டு, கிப்லா காணப் பயன்படுத்தினார்கள். அறிவு எங்கிருந்து வந்தாலும் அதை ஏற்க நம் முன்னோர் தயங்கவில்லை.

இன்னும் எளிய வழியும் உண்டு. மே 28 பிற்பகல் 2.48 மணிக்கும், ஜூலை 16 பிற்பகல் 2.57 மணிக்கும் (லீப் வருடத்தில் ஒரு நாள் முன்னதாக) சூரியன் கஃபாவின் நேர் உச்சியில் நிற்கிறது. அந்நேரம் சூரியன் இருக்கும் திக்கே கிப்லா. இரவானால் துருவ நட்சத்திரம் வடக்கைக் காட்டும். காஞ்சியில் அது அடிவானத்துக்கு மேல் 13 பாகை உயரத்தில் தெரியும்.

இனி, கேள்விக்கு வருவோம். ஒருவர் இவ்வளவும் முயன்று தேடி, மேகமூட்டத்தால் தவறான பக்கம் தொழுதுவிட்டார். இன்னொருவர் எதையும் தேடாமல் மனம்போன பக்கம் நின்றார். அது தற்செயலாகச் சரியாகிவிட்டது. இவர்களில் யார் கிப்லாவை முன்னோக்கியவர்?

ஹனஃபி மத்ஹபில், தேடித் தவறியவர் தொழுகையை மீட்ட வேண்டியதில்லை. ஆனால் தேடி ஒரு திசையை முடிவு செய்தபின், அதை விட்டுவிட்டு வேறு பக்கம் தொழுதவரின் தொழுகை, அந்தப் பக்கமே சரியாக இருந்தாலும் கூடாது என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொல்லோ, தவறு உறுதியாகிவிட்டால் மீட்டித் தொழச் சொல்கிறது. முன்னது முயற்சியின் கண்ணியத்தைக் காக்கிறது. பின்னது உண்மையின் கண்ணியத்தைக் காக்கிறது. தேடாமல் இருப்பதற்கு இரண்டுமே இடம் தரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

"அல்லாஹ் எங்கும் இருக்கிறானே, திசை எதற்கு?" என்பாரும் உண்டு. கிழக்கும் மேற்கும் அவனுக்கே உரியன என்று கூறும் அதே அல்பகரா அத்தியாயம்தான் 144ஆம் வசனத்தில் கஃபாவை முன்னோக்கவும் கட்டளையிடுகிறது. அதே அத்தியாயத்தின் 177ஆம் வசனம், முகம் திருப்புவது மட்டுமே நன்மையாகிவிடாது என்றும் எச்சரிக்கிறது. அவன் ஒரு திசையில் அடங்கியவன் அல்லன். சிதறிக் கிடக்கும் நம் மனத்துக்குத்தான் ஒரு திசை வேண்டும். கிப்லா மாறிய செய்தி எட்டியதும் குபாவில் தொழுதுகொண்டிருந்தவர்கள் தொழுகையிலேயே திரும்பிக் கொண்டார்கள். முன்பு தொழுதது வீணாயிற்றே என்று அவர்கள் வருந்தி நிற்கவில்லை.

ஆகவே, நாலு பாகை கணக்கை அறிந்து கொண்டு பழைய பள்ளிவாசலின் சஃப்பில் சச்சரவு செய்வதும் முறையன்று. "ஏதோ ஒரு பக்கம்" என்று அலட்சியமாக நிற்பதும் முறையன்று. பெற்றோர்களே! பிள்ளைகளை ஒரு நாள் மொட்டை மாடிக்கு அழைத்துச் சென்று, குச்சி நட்டு நிழலைக் காட்டுங்கள். வானத்தைப் படித்துக் கிப்லாவைக் கண்ட பிள்ளை, அந்தப் பக்கம் திரும்பி நிற்கும்போது முகத்தோடு உள்ளமும் திரும்பும். அல்லாஹ் தஆலா நம் முயற்சியை ஏற்று, தவறியதை மன்னிப்பானாக! ஆமீன்.