செங்கோட்டையில் மலாக்காவுக்கு என்ன பங்கு?

2018 ஏப்ரலில் டில்லிச் செங்கோட்டையின் பார்வையாளர் வசதிகளை 5 ஆண்டுகளுக்கு, 25 கோடி ரூபாய் செலவில் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு டால்மியா பாரத் குழுமத்துக்குப் போயிற்று. கோட்டையையே குத்தகைக்கு விட்டுவிட்டார்கள் என்று கூச்சல் கிளம்பியது. குத்தகையெல்லாம் இல்லை, கழிப்பறை, குடிநீர், விளக்கு போன்ற வசதிகள் மட்டுமே என்றது அரசு. காகிதத்தில் அது உண்மைதான். ஆனாலும் அந்த ஏற்பாடு தவறு.

2023 ஜனவரியில் அதே குழுமத்தின் அறக்கட்டளை கோட்டைக்குள் ‘ஜெய் ஹிந்த்’ என்ற ஒலி-ஒளிக் காட்சியைத் தொடங்கியது. இந்திய தேசிய ராணுவத்தின் எழுச்சியும், அந்தப் படையினர் மீது 1945 நவம்பரில் அதே கோட்டையில் தொடங்கிய வழக்கும் அதில் வருகின்றன. மலாக்காத் தமிழருக்கு இது யாரோ வீட்டுச் சங்கதி அன்று. நேதாஜியின் அந்தப் படையில் சேர்ந்த மலாயாத் தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கானோர். விடியுமுன் பால்மரம் சீவி, மங்குப் பாலை வாளியில் ஊற்றிச் சுமந்த கைகள் துப்பாக்கி பிடித்தன. லயத்துப் பெண்கள் ஜான்சி ராணிப் படைக்குப் போனார்கள். டில்லிக்குப் புறப்படுவோம் என்று முழங்கியபோது அவர்கள் மனத்தில் நின்றது அந்தச் சிவப்புச் சுவர். படை 1944-இல் இம்பாலோடு நின்றது. அந்தச் சுவரைக் காணாமலே மடிந்தவர்களின் கதையைக் காட்சியாக்கிச் சீட்டு விற்கும் வேலையில் வியாபாரிக்கு என்ன இடம்?

மடிந்தவர் நினைவைக் காப்பது யார் வேலை என்பதில் நம் முன்னோர் தெளிவாக இருந்தார்கள். தொல்காப்பியம் நடுகல்லுக்குக் காட்சி முதல் வாழ்த்து வரை ஆறு நிலைகள் வகுத்தது. சிலம்பின் வஞ்சிக் காண்டம் அதே முறையில் கண்ணகிக்குக் கல் எடுக்கிறது. அந்தக் கல்லுக்காக வடக்கே படை நடத்திப் போனவன் சேரன் செங்குட்டுவனே, ஒப்பந்தக்காரனை அனுப்பவில்லை. புறநானூற்றில் நடுகல்லே தெய்வம். வள்ளுவர் படைச்செருக்கில் கல்லாகி நின்றவரைப் பேசுகிறார். இறைமாட்சியிலோ பொருள் ஈட்டுவதோடு அதைக் காப்பதையும் அரசின் தொழிலாக வைக்கிறார். காக்க முடியாதவன் ஈட்டி என்ன பயன்?

தொல்லியல் துறையிடம் பணம் இல்லையே என்பார்கள். சரி, கூட்டிப் பெருக்கக் கூலிக்கு ஆள் வைக்கட்டும். கதை சொல்லும் வாயைக் கூலிக்கு விடலாகாது.

விட்டால் என்ன ஆகும் என்பதை மலாக்காவிலேயே காணலாம். 1807-இல் ஆங்கிலேயர் அங்கிருந்த கோட்டையைத் தகர்த்தபோது மிஞ்சியது ஒரு வாசல். கோட்டை கட்டியவர் போர்த்துக்கீசியர். வாசலின் நெற்றியில் இருப்பதோ 1670 என்ற ஆண்டும், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரையும். அதன் கீழே நின்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பொம்மைகள் கட்டிய திரிஷா வண்டி, பாட்டை அலறவிட்டபடி அவர்களுக்காகக் காத்திருக்கிறது.