ஈவுத்தொகையும் இல்லறத்தார் பொறுப்பும்

தாம் உழாத நிலத்தின் விளைச்சலை உண்பவருக்கு அந்த உழவின் வினையில் பங்கு உண்டா என்னும் வினா நமக்குப் புதிதன்று. வந்தவாசி, செஞ்சி வட்டாரங்களில் வழிவழியாக உழவையே தொழிலாகக் கொண்ட நம் குடும்பங்களுள், நிலத்தை வாரத்திற்கு விட்டுப் பணியின் பொருட்டு வெளியூர் சென்றவர்கள் பலர். ஆயினும் நிலம் எது, உழுபவர் யார், இவ்வாண்டு பூச்சிமருந்து தெளித்தார்களா என்பனவற்றை அவர்கள் அறிவர். அறிந்ததனால் கேட்கவும் கூடும், தடுக்கவும் கூடும்.

அவ்வாறு தெற்கே சென்று தூத்துக்குடி மில்லர்புரத்தில் குடியேறிய அன்பர்கள் சிலர், இதே வினாவை வேறு வடிவில் நம்மிடம் எழுப்பினர். அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. சிங்கப்பூரில் பணிபுரியும் மக்களோ, "ஆசிய நாடுகளின் வருவாய் டிரஸ்டுகளில் பணத்தை இடுங்கள்; வங்கி வட்டியினும் மிகுதியாக, காலம் தவறாமல் ஈவுத்தொகை வரும்" என்கின்றனர். அணுவிரதம் ஏற்ற இல்லறத்தார் இதனைச் செய்யலாமா?

டிரஸ்ட் என்றதும் நமக்கு அறக்கட்டளை நினைவுக்கு வரும். பெயரொற்றுமையே அன்றி, இங்கே அறத்திற்கும் கட்டளைக்கும் வேலை இல்லை. பலரிடம் பொருள் திரட்டித் துறைமுகம், நெடுஞ்சாலை, மின்தொடர், அலுவலகக் கட்டடம் முதலியவற்றைக் கைக்கொண்டு, அவற்றின் வரவைப் பகிர்ந்தளிக்கும் அமைப்புகள் இவை. நம் நாட்டில் செபி அமைப்பு 2014-இல் இவற்றுக்கு விதிகளை வகுத்தது. பகிர்வதற்குரிய ரொக்கத்தில் 90 விழுக்காட்டுக்குக் குறையாமல் அலகு வைத்திருப்போர்க்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. காலம் தவறாத ஈவின் இரகசியம் இதுவே.

துறைமுகத்தூரில் வாழ்வோர்க்கு ஒரு துறைமுக டிரஸ்டையே சான்றாகக் காட்டலாம். ஹாங்காங்கிலும் தென்சீனத்து யாந்தியனிலும் கொள்கலன் முனையங்களை உடைய ஹட்சிசன் போர்ட் ஹோல்டிங்ஸ் டிரஸ்ட், 2011 மார்ச்சில் சிங்கப்பூர்ச் சந்தைக்கு வந்தது. அலகு ஒன்று 1.01 அமெரிக்க டாலர். ஈவு ஆண்டுதோறும் வந்தது. ஆனால் படிப்படியாகக் குறைந்தது. அலகின் விலையோ பின்னாளில் 20 சென்ட்டுக்கும் கீழே சென்றது. ஹாங்காங்கிற்கு வந்த சரக்கு வேறு துறைகளுக்குப் பிரிந்தது ஒரு காரணம், கடன் மற்றொன்று. இதனினும் கருதத்தக்கது ஒன்றுண்டு. சாதாரணக் கம்பெனி இலாபத்திலிருந்தே ஈவு தரும். சிங்கப்பூரின் வணிக டிரஸ்டுகளோ கையிலுள்ள ரொக்கத்திலிருந்து தரலாம்; தேய்மானத்தைக் கழித்த பிறகே தரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பளுதூக்கி தேய்கிறது, குத்தகைக் காலம் குறைகிறது. ஈவு மட்டும் வருகிறது.

நம் நாட்டிலும் 2017-இல் 102 ரூபாய்க்கு அலகு விற்ற ஐ.ஆர்.பி. இன்விட் சுங்கச்சாலைகளை உடையது. குறித்த ஆண்டு முடிந்ததும் சாலை அரசிடம் திரும்பிவிடும். ஆகையால் பகிர்வில் ஒரு பகுதி, நாம் இட்ட மூலதனமே திரும்பி வருவதாகும். அனுப்பும் அறிக்கையில் வட்டி இவ்வளவு, மூலதனம் இவ்வளவு என்று பிரித்தே காட்டுகிறார்கள், ஒளிவு இல்லை. வங்கிக் கணக்கில் வரவு விழுந்ததும் அந்த அறிக்கையைப் புரட்டுவோர்தாம் அரியர். விதைநெல்லைக் குத்தி உண்டுவிட்டு, விளைச்சல் நன்று என்று மகிழ்வதைப் போன்றது இது.

இஃது ஒருவருடைய சொந்த இழப்பு. மற்றொன்று பிறருடைய இழப்பு. அதுவே நம் வினாவின் உள்ளீடு.

இல்லறத்தார்க்குச் சங்கற்ப இம்சையே முழுமையாக விலக்கப்பட்டது. உழவிலும் சமையலிலும் தொழிலிலும் நேரும் இம்சையை அவர்கள் முற்றிலும் தவிர்க்க இயலாது என்பதை ஆசாரியர்கள் அறிந்தே விதித்துள்ளனர். ஆனால் செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூன்று வழிகளிலும் வினை வரும் என்றும் கூறினர். பங்கு வாங்குவது செய்தல் அன்று. செய்வித்தல் என்பதும் சற்று மிகை. நூறு பங்கு உடையவர் சொல்லி எந்த ஆலை இயங்குகிறது? எஞ்சியிருப்பது உடன்படல். அதிலிருந்து தப்புவது எளிதன்று.

தூத்துக்குடிக் கடற்கரைக்கு இது பழங்கதை. 1955 முதல் 1961 வரை நடந்தவையே இங்கு நிகழ்ந்த கடைசிச் சலாபங்கள். சிப்பிகளைக் குவியல் குவியலாகக் கரையில் அழுக விட்டு, கழுவி, முத்தைத் தேடினர். பெரும்பாலான சிப்பிகளில் முத்து இராது. முத்தணிந்த மங்கை மூழ்கவும் இல்லை, சிப்பியைக் கொல்லவும் இல்லை. அவள் விரும்பியதற்காகவே அத்தனையும் நிகழ்ந்தது.

அண்மைக் காலத்துக்கு வருவோம். இவ்வூரின் ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை வேதாந்தா கம்பெனியைச் சேர்ந்தது. மாசுக்கு எதிரான போராட்டத்தின்போது 2018 மே மாதம் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். அம்மாதமே ஆலையை மூட அரசு ஆணையிட்டது. கம்பெனியின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தது. இடையே 2022-23-ஆம் நிதியாண்டில் அக்கம்பெனி, ஒரு ரூபாய் முகமதிப்புள்ள பங்குக்கு 101.50 ரூபாய் ஈவு அளித்தது. அவ்வாண்டின் இலாபத்தினும் இது மிகுதி. டிரஸ்ட் அன்று எனினும், உயர்ந்த ஈவை நாடுவோர் நாடெங்கும் விரும்பி வாங்கிய பங்கு அது. வேற்றூரில் இருந்து வாங்கியவர்க்கு அது ஓர் எண். மில்லர்புரத்தில் இருப்பவர்க்கு அப்படி இருக்க முடியுமா? தூரம் கூடக்கூட உடன்படல் எளிதாகிறது. யாந்தியனும் ஹாங்காங்கும் அதனால்தான் நமக்கு மாசற்றவையாகத் தோன்றுகின்றன.

நாம் விற்றால் வேறொருவர் வாங்குவார், உலகில் என்ன மாறும் என்று கேட்கலாம். ஒன்றும் மாறாதிருக்கலாம். ஆனால் விரதம் உலகத்தின் கணக்கன்று. நம் மனத்தின் கணக்கு. வங்கி மட்டும் தூயதா என்பது இதனினும் கடினமான வினா. 1921-இல் இவ்வூரில் தோன்றிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியாயினும் வேறெந்த வங்கியாயினும், நம் வைப்புத்தொகை யாருக்குக் கடனாகச் செல்கிறது என்பதை நாம் அறியோம். ஆயினும் வைப்பாளர் உடைமையாளர் அல்லர். குறித்த வட்டிக்கு மேல் அவர் எதிர்பார்ப்பதும் இல்லை. ஆலையின் இலாபம் பெருக வேண்டும் என்று பங்குடையவர் விரும்புவதைப் போல அவர் விரும்புவதில்லை. வேறுபாடு அளவில்தான், ஆனால் அணுவிரதம் என்பதே அளவு பற்றியதன்றோ!

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் பரிக்கிரக பரிமாண விரதத்திற்குக் கூறிய ஐந்து அதிசாரங்களுள் விஸ்மயம், அதாவது வியப்பு, ஒன்று. பிறருக்கு வந்த ஈட்டத்தைக் கண்டு மலைத்தல் என்று இதனை நாம் கொள்கிறோம். 'பன்னிரண்டு விழுக்காடு தருகிறதாம்' என்ற பேச்சு எழும் இடத்தில் இந்த அதிசாரம் தொடங்கிவிடுகிறது.

ஓய்வூதியமில்லாத முதியவரை நோக்கி, தூய்மைக்காக வறுமையை ஏற்பாய் என்று கூறும் உரிமை எவருக்கும் இல்லை. 2004-இல் தொடங்கிய மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் மூன்று மாதத்திற்கு ஒருமுறை வட்டி தருகிறது. 2023-இல் அதன் உச்சவரம்பு 30 லட்சம் ரூபாயாயிற்று. அரசே ஒரு பரிமாணம் வகுத்துத் தந்திருப்பது விந்தையே. அதற்கு மேலும் பொருள் உடையவர், டிரஸ்டின் பெயரைக் கேளாமல் அதன் சொத்து எது, குத்தகை எந்த ஆண்டு முடியும், பகிர்வில் மூலதனம் எவ்வளவு, அவ்விடத்தில் யாருடைய காற்றும் நீரும் கெடுகின்றன என்று கேட்டு, விடை கிடைத்தால் மட்டும் வாங்கலாம். பெரும்பாலும் விடை கிடைக்காது.

பங்கை விற்க மனமில்லை, வரும் ஈவை ஆகார தானத்திற்கும் ஔடத தானத்திற்கும் கொடுத்துவிடுகிறோம், போதாதா என்று கேட்டவர்களும் உண்டு. போதாது என்றே கருதுகிறோம். அடுத்த ஈவு பெருக வேண்டும் என்ற விருப்பம் அங்கும் நீங்கவில்லை. விற்ற தொகையிலிருந்து ஒருமுறை கொடுப்பது மேல். மூத்தோர் விட்டுச் சென்ற பங்குகளாயின் உடன்பிறந்தார் அனைவரின் கையெழுத்தும் வேண்டும். அவர்களை ஓரிடத்தில் கூட்டவே ஓராண்டு ஆகிவிடலாம். அதுவரை வரும் ஈவைத் தனிக் கணக்கில் தொடாமல் வைத்திருப்பது நன்று.