ஒரு வார்த்தை கேளாமல் அழித்தது

உல்லாஸ்நகரில் நமது சங்கத்தின் அறையில் பழைய கணிப்பொறி ஒன்று இருக்கிறது. 2025-ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் அதனைச் சீர்செய்ய வந்த இளைஞர், ஐந்து நிமிடம் அதனைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஃபார்மட் பண்ணிடலாமா ஐயா?" என்று வினவினார். நாம் "சரி" என்றோம். அந்த ஒரு சொல்லைப்பற்றியதே இக்கட்டுரை. அதனை உரைக்குமுன் நாம் சிறிதும் எண்ணவில்லை. உரைத்த பின்னரோ பல இரவுகள் எண்ண நேர்ந்தது.

இளைஞர்மீது குற்றமில்லை. அவ்வாண்டு அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு இலவசமாக வழங்கிவந்த பொதுவான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் கம்பெனியார் நிறுத்திக்கொண்டனர். அடுத்ததாகிய விண்டோஸ் 11-ஐ ஏற்பதற்குரிய பாதுகாப்புச் சில்லு நமது பழைய யந்திரத்தில் இல்லை. ஆகவே ஹார்டு டிஸ்க்கைத் துடைத்து, விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் வகையில் ஒன்றை நிறுவுவதே சிக்கனம் என்று அவர் கருதினார். அக்டோபர் 14 நம்மவர்க்கு எத்தகைய நாள் என்பதை விளக்க வேண்டுவதில்லை. முதல் ஹார்டு டிஸ்க்கை ஐ.பி.எம். கம்பெனியார் உலகிற்கு அறிவித்ததும் அதே 1956-இல், நாகபுரி நிகழ்ச்சிக்கு ஒரு மாதம் முன்னர்தான். ஐம்பது பெருந்தட்டுகள் கொண்ட அந்த யந்திரத்தில் ஐம்பது லட்சம் எழுத்துகளே அடங்கின. தேதிகள் இவ்வாறு ஒன்றுவதில் பொருள் தேடுவது சோதிடர் தொழில். நமக்கு அது வேண்டாம். கண்ணில் பட்டதைக் குறித்து வைக்கிறோம், அவ்வளவே.

உல்லாஸ்நகரில் வாழ்வோர்க்கு, துடைத்துவிட்டு மீண்டும் நிறுவுதல் என்பது புதிய செய்தியும் அன்று. இரண்டாம் உலகப் போரின்போது இவ்விடம் படைவீரர்கள் தங்கிச் செல்லும் கல்யாண் முகாமாக இருந்தது. பிரிவினைக்குப் பின்னர் சிந்து மாகாணத்திலிருந்து வந்த அகதிகளை அரசாங்கத்தார் இங்குள்ள பாரக்குகளில் குடியமர்த்தினர். 1949-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் தேதி, அப்பொழுது கவர்னர் ஜெனரலாக இருந்த இராஜகோபாலாச்சாரியார் அடிக்கல் நாட்ட, உல்லாஸ் நதியின் பெயரால் புதிய நகரம் உண்டாயிற்று. ஆயினும் இன்றுவரை ஆட்டோ ஓட்டுநரிடம் நாம் கூறுவது என்ன? 'காம்ப் நம்பர் மூன்று', 'காம்ப் நம்பர் ஐந்து' என்றுதானே கூறுகிறோம்? பெயர்ப்பலகை மாறியது, மக்கள் மாறினர், பட்டாளத்தார் இட்ட சொல் மட்டும் அடியில் அப்படியே கிடக்கிறது.

இனி, நமது யந்திரத்தில் இருந்தவை எவை என்பதைக் கூறவேண்டும். 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி பெய்த மழையை மும்பைவாசிகள் மறவார். சாந்தாகுரூஸ் நிலையத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பதிவாயிற்று. உல்லாஸ் நதியும் கரை மீறிற்று. சங்கத்தின் உறுப்பினர் பதிவேடுகளும், விழாக்களில் எடுத்த புகைப்படங்களும் சேறாயின. அவற்றுள் ஒட்டிப்போகாதவற்றைப் பிரித்து, உலர்த்தி, அடுத்த ஆண்டில் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து கணிப்பொறியில் ஏற்றினோம். காகிதம் நனையும், யந்திரத்தில் ஏற்றியது நனையாது என்று பெருமையாகப் பேசிக்கொண்டதும் நினைவிருக்கிறது. பின்னர் ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றிற்கு அவை மாறி வந்தன. இப்பொழுதுள்ளது 2017-இல் பழைய சாமானாக வாங்கியது. இவற்றோடு, அரசாங்க மனுக்களை நிரப்பித் தரும்படி நம்மிடம் வந்தவர்களுடைய ரேஷன் கார்டு, ஆதார், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளும் அதிலேயே கிடந்தன. வேலை முடிந்ததும் அவற்றை நீக்கியிருக்க வேண்டும். நீக்கவில்லை.

ஃபார்மட் செய்து இரு வாரங்கள் சென்றன. அம்பர்நாத்திலிருந்து ஒரு மூதாட்டியார் வந்தார். காலஞ்சென்ற தம் கணவரின் நினைவுநாள் நெருங்குகிறது என்றும், 1970-களில் சங்க விழாவில் எடுத்த குழுப்படத்தில் அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார் என்றும், அதன் பிரதி ஒன்று வேண்டும் என்றும் கேட்டார். அவர் வீட்டில் இருந்த படத்தை 2005 வெள்ளம் கொண்டுபோயிற்று. நாம் யந்திரத்தைத் திறந்தோம். அது புதிதாக, வெறுமையாக, மிக வேகமாக இயங்கியது.

மீண்டும் இளைஞரை வரவழைத்தோம். அவர் கூறியதைக் கேட்டு வியந்தோம். 'அழித்தேன் என்றது உண்மையில் அழித்ததன்று' என்பதே அவர் கூற்றின் சாரம். வாசகர்களுக்கு இதனை ஓர் உவமையால் விளக்குவோம். ஒரு சாலின் உரிமையாளர் வாடகைப் பதிவேட்டைக் கிழித்து எறிந்துவிட்டு, "கட்டடம் காலி" என்று அறிவிக்கிறார். அறைகளிலோ குடும்பங்கள் இருக்கின்றன, அடுப்பு எரிகிறது. பதிவேட்டில் இல்லாமையால் எவரும் அவர்களைத் தேடி வருவதில்லை. புதிய குடித்தனக்காரர் ஒருவர் குறிப்பிட்ட ஓர் அறைக்கு அனுப்பப்படும் நாளில்தான் அங்கிருந்தவர் வெளியேற்றப்படுகிறார். விரைவு ஃபார்மட் செய்வது பதிவேட்டைக் கிழிப்பதே. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்னும் அட்டவணை மட்டும் புதிதாகிறது. தட்டில் பதிந்தவை, அவற்றின்மேல் வேறொன்று எழுதப்படும்வரை கிடக்கின்றன. புதிய இயங்குதளம் நிறுவப்படும்பொழுது சில பகுதிகளின்மேல் அது எழுதிக்கொள்கிறது. எந்தப் பகுதிகள் என்பது நம் விருப்பத்தைக் கேட்டு நடப்பதில்லை.

இளைஞர் ஃபோட்டோரெக் என்னும் இலவச நிரல் ஒன்றை ஓர் இரவு முழுதும் ஓடவிட்டார். காலையில் ஆயிரக்கணக்கான படங்கள் வந்திருந்தன. கோப்பின் பெயர்களை அந்நிரல் மீட்பதில்லையாதலால் எல்லாம் வெறும் எண்களைத் தாங்கியிருந்தன. ஆண்டு இல்லை, ஊர் இல்லை, ஆள் பெயர் இல்லை. மூதாட்டியாரும் நாமும் அருகருகே அமர்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மாலை நான்கு மணிக்குமேல் அந்தக் குழுப்படம் வந்தது. மேற்பாதி தெளிவாக இருந்தது: பந்தல், துணியில் எழுதிய வரவேற்பு வாசகம், பின்வரிசையில் நிற்போரின் தலைகள். கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக, ஒன்றுமில்லாமல் இருந்தது. முன்வரிசை அங்கேதான்.

அவர் அழவில்லை, கோபிக்கவுமில்லை. "ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருக்கலாமே ஐயா" என்றார்.

அதே இரவில் மீண்டு வந்த மற்றவற்றையும் கூறாவிடில் இக்கட்டுரை பாதி உண்மையாகும். சாதிச் சான்றிதழ்களில் பெரும்பாலானவை பழுதின்றி வந்தன. ரேஷன் கார்டுகள் வந்தன. 2017-க்கு முன்னர் அந்த யந்திரத்தை வைத்திருந்த ஒரு ஜீன்ஸ் தையற்கூடத்தின் கூலிக் கணக்கும், தொழிலாளர் பெயர்களும் வந்தன. அவரும் யாரிடமோ "சரி" என்று கூறிவிட்டு, துடைத்தாயிற்று என்று நம்பியே விற்றிருப்பார். எதனைக் காப்பது நம் கடமையோ அது அழிந்தது. எதனை அழிப்பது நம் கடமையோ அது காக்கப்பட்டது. இரண்டும் ஒரே "சரி"யால் நிகழ்ந்தன.

இஃது உல்லாஸ்நகரின் தனிக்குறை அன்று. அமெரிக்காவில் மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர் இருவர் பழைய ஹார்டு டிஸ்க்குகள் 158 வாங்கி ஆராய்ந்து 2003-இல் முடிவை வெளியிட்டனர். இயங்கும் நிலையில் இருந்த 129-இல் சரியாகத் துடைக்கப்பட்டவை 12 மட்டுமே. எஞ்சியவற்றிலிருந்து 5,000-க்கு மேற்பட்ட கடன் அட்டை எண்கள் கிடைத்தன. செல்வர்களுடைய தேசத்தில் வெளிப்பட்டது கடன் அட்டை எண். நம்மவர் யந்திரத்தில் வெளிப்படுவது வேறு.

அவ்வேறுபாட்டைச் சற்று நின்று பார்க்கவேண்டும். 1990-இல் செய்த சட்டத் திருத்தத்தின் பின்னரே, ஷெட்யூல்டு வகுப்பிலிருந்து பௌத்தம் தழுவியோர்க்கும் அவ்வகுப்பினருக்குரிய உரிமைகள் மத்திய அரசாங்கத்தில் உறுதியாயின. அவ்வுரிமையைப் பெற நம் பிள்ளை நீட்ட வேண்டிய தாளில், நம் பெற்றோர் விட்டு விலகிய அந்தப் பழைய பெயர் எழுதப்பட்டிருக்கிறது. உரிமையின் பொருட்டு அத்தாளைக் காக்கவும் வேண்டும், வாழ்வின் பொருட்டு அதனை மறைக்கவும் வேண்டும். வாடகைக்கு அறை தேடும்பொழுது பெயரையும் உணவையும் விசாரிப்போர் இந்நகரில் இல்லை என்று யார் கூறுவர்? அண்டை வீட்டார் அறியாத ஒன்றை, லாமிங்டன் ரோடிலோ சென்னை ரிச்சி தெருவிலோ பழைய சாமானாக விலைபோகும் ஒரு தட்டு அறிந்திருக்கிறது. அது யார் கைக்குப் போகும் என்பது எவருக்கும் தெரியாது. மனு எழுதித் தருகிறோம் என்று பிறர் சான்றிதழை வாங்கிய நாம், அவர் அறியாமலே அவரை அந்தச் சந்தைக்கு அனுப்பும் நிலையில் இருந்தோம். 2023-ஆம் ஆண்டின் தனிமனிதத் தகவல் பாதுகாப்புச் சட்டம், எந்தக் காரியத்திற்காக ஒருவரின் தகவல் பெறப்பட்டதோ அது முடிந்ததும் அதனை நீக்கவேண்டும் என்கிறது. நல்லதே. நமக்கு அது தெரியாமற் போனதற்கு நாம் வெட்கப்படுகிறோம். சட்டம் இல்லாவிடினும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் அன்றோ?

சங்கத்து நண்பர் ஒருவர் வேறொரு வாதம் புரிந்தார். ஃபார்மட் செய்தபின் அது புதிய யந்திரம், பழைய கணக்கைப் புதியதன்மேல் ஏற்றலாகாது என்றார். இது கேட்பதற்கு நயமாக இருக்கிறது. ஆனால் மிலிந்த அரசனுக்கு நாகசேனர் கூறிய மாங்கனி உவமை இதற்கு ஏற்கெனவே விடை தந்துவிட்டது. ஒருவன் பிறர் தோட்டத்து மாங்கனியைத் திருடிவிட்டு, உரியவர் நட்ட கொட்டை வேறு, நான் பறித்த கனி வேறு என்று வாதித்தால், எந்த அரசன் அவனை விடுவிப்பான்? கனி கொட்டை அன்று. ஆயினும் அதிலிருந்து வந்ததே. யந்திரம் அதேயா, வேறா என்னும் கேள்வியைத் தர்க்கம் பயில்வோர் விரும்பியவாறு முடித்துக்கொள்ளட்டும். நம் பொறுப்பு அந்த முடிவுக்காகக் காத்திருப்பதில்லை.

இன்னொரு நண்பரின் வாதம் நம்மை மிகவும் வருத்திற்று. "எல்லாம் நிலையற்றவை என்று போதிக்கும் நாம் ஒரு படத்திற்காக வருந்தலாமா? அந்த அம்மையாரும் பற்றை விட்டிருக்க வேண்டாமா?" என்றார் அவர். இதனை நாம் முற்றிலும் மறுக்கிறோம். பற்றை விடுவது விடுபவருடைய செயல். தன் கையிலுள்ளதைத் தானே அறிந்து, தானே விரும்பிக் கீழே வைப்பவன் துறந்தான் எனப்படுவான். பிறர் கையிலுள்ளதைப் பறித்துவிட்டு, "உனக்குத் துறவு கைகூடிற்று" என்று கூறுவதற்குப் பெயர் துறவு அன்று. வெள்ளம் கொண்டுபோனதற்கு அம்மையார் வெள்ளத்தை நோகவில்லை, ஏனெனில் வெள்ளத்தைக் கேட்கவும் இயலாது, வெள்ளம் அவரைக் கேட்கவும் இயலாது. நம்மால் இயலும். அநித்தியம் என்பது உலகின் இயல்பு. அதனை நம் அசட்டைக்குச் சாட்சியாக அழைப்பது மிகவும் மலிவான தத்துவம்.

பின்னர் செய்தவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். மீண்ட படங்களை இரு தனித் தட்டுகளில் பிரதி எடுத்து, இரு வேறு வீடுகளில் வைத்தோம். ஒன்று மாடியில். சான்றிதழ்களுக்கு உரியவர்களில் இருப்பிடம் தெரிந்தோர்க்கெல்லாம் ஆள் அனுப்பி, வேண்டுமா வேண்டாவா என்று கேட்டோம். ஒருவர் தம் மகனுடைய சான்றிதழின் மூலத்தையே தொலைத்திருந்தார், அவருக்கு இது பயன்பட்டது. மற்றோர் நீக்கிவிடும்படி கூறினர். அதன்பின் இளைஞர் தட்டு முழுவதன்மேலும் சுழியங்களை எழுதினார். அதற்குப் பல மணி நேரம் ஆயிற்று. 35 முறை மேலெழுத வேண்டும் என்று முன்னர் பலர் நம்பியதுண்டு. இக்காலத்துக் காந்தத் தட்டுகளுக்கு முழுமையாக ஒரு முறை எழுதினாலே போதும் என்கின்றனர் அறிந்தோர். சுழலும் தட்டில்லாத எஸ்.எஸ்.டி. வகைக்கு மட்டும் இம்முறை நம்பத்தக்கதன்று. அதற்கென அதனுள்ளேயே அமைந்த அழிப்புக் கட்டளை உண்டு, அதனையே பயன்படுத்த வேண்டும். அந்தத் தையற்கூடத்தின் கணக்கைத் திறந்து படிக்காமலே அழித்தோம். உரியவரைத் தேடினோம், கிடைக்கவில்லை.

பெயரற்ற படங்களை ஞாயிறுதோறும் கூட்டத்தின் பின்னர் சுவரில் காட்டி, முதியோரைக்கொண்டு பெயர் சொல்லச் செய்துவருகிறோம். இதுவரை ஏறத்தாழ நானூறு முகங்களுக்குப் பெயர் கிடைத்திருக்கிறது. சில படங்களில் இருவர் இரு பெயர் கூறுகின்றனர், இரண்டையும் எழுதி வைக்கிறோம்.

மூதாட்டியார் நினைவுநாளுக்கு முன்தினம் வந்தார். அந்தப் பாதிப் படத்தையே அச்சிட்டுத் தரும்படி கேட்டார். கீழே சாம்பலாக உள்ளதை வெட்டி எடுத்துவிடலாமா என்று வினவினோம். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார். அப்படியே அச்சிட்டுக் கொடுத்தோம்.