மருத்துவர் கடன்

மருத்துவக் கல்வியை நிறைவு செய்து வெளியேறும் இளைஞர்க்கு விடைகொடுக்கும் மேடைகளில் இரண்டு சொற்கள் தவறாது ஒலிப்பதுண்டு. ஒன்று சேவை, மற்றொன்று தியாகம். நோயுற்றோர்க்குத் தம்மையே அளிக்கச் செல்வோர் என்றும், கடவுளுக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணத்தக்கோர் என்றும் அவர்கள் போற்றப்படுகின்றனர். பல்லாண்டு உறக்கம் துறந்து பயின்றோரைப் பாராட்டுதல் தகும். ஆயின், அப்பாராட்டினுள் ஒரு கருத்து மறைந்து நிற்கின்றது. மருத்துவம் என்பது அறிந்தவர் அறியாதவர்க்கு வழங்கும் கொடை என்பதே அது. கொடைதானா, அன்றிக் கடனா என்னும் வினா, பேராதனையிற் பட்டம் பெற்று, வடக்கே ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் தொலைவிலுள்ள மாத்தளைக்குப் பணியேற்கச் செல்லும் ஒருவருக்கு வெறும் சொல்லாராய்ச்சியாக இராது.

கொடை பெற்றவன் கொடுத்தவனைக் கேள்வி கேட்பதில்லை. கேட்டால் அது நன்றிகெட்ட செயலாகக் கருதப்படும். கடன் கொடுத்தவனோ கேட்கலாம். அது அவன் உரிமை. எல்கடுவை மலைத்தோட்டமொன்றிலிருந்து வரும் ஒரு தாய், தன் குழந்தைக்கு எழுதப்பட்ட மருந்து எதற்கானது என வினவுகின்றாள் எனக் கொள்வோம். மருத்துவத்தைக் கொடையென நினைக்கும் வைத்தியருக்கு அவ்வினா துடுக்காகத் தோன்றும். கடனென நினைப்பவர்க்கு அது இயல்பான வினா. தெய்வமாக்கப்பட்டவரிடம் இரத்தப் பரிசோதனையின் முடிவை எவரும் துணிந்து கேட்பதில்லை என்பதையும் இங்கு நினைத்தல் நன்று.

மாத்தளை மாவட்டத்தின் வரலாற்றை நோக்கின், மருத்துவம் அங்குக் கொடையாகவும் வரவில்லை, கடனாகவும் வரவில்லை. செலவாகவே வந்தது எனலாம். கோப்பிப் பயிர்ச்செய்கைக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் வந்திறங்கிய தொழிலாளர், காட்டுவழியே தம்புள்ளை, நாலந்தை ஊடாக நடந்தே மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். புகையிரதப் பாதை மாத்தளையை எட்டியது 1880ஆம் ஆண்டிலேயே. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் பற்றிய கட்டளைச் சட்டம் அதற்குச் சிறிது முன்னர், 1872இல் இயற்றப்பட்டது. தோட்டங்களின் பணத்தைக் கொண்டு தொழிலாளர்க்கு மருத்துவ வசதி செய்வது அதன் நோக்கம். அது நற்செயலே, எனினும், எந்தக் கணக்கேட்டில் அது எழுதப்பட்டது என்பதும் நோக்கற்பாலது. நோயாளி மீண்டும் கூடையோ மண்வெட்டியோ எடுக்க வல்லவனா என்பதே தோட்ட மருத்துவத்தின் முதல் வினாவாயிற்று. வைத்தியர் ஒருவர் நோயாளிக்கும் துரைக்கும் ஒருங்கே ஊழியம் புரிய நேர்ந்த நிலை அது. அந்நிலை கோப்பியோடு மறைந்துவிட்டது எனக் கொள்வதற்கில்லை. காலையில் அரசாங்க மருத்துவமனையிலும் மாலையில் தனியார் நிலையத்திலும் அதே நோயாளியைக் காணும் மருத்துவர் எவரும் தம் இரு எசமானரை எண்ணிப் பார்க்கலாம்.

கடன் என்னும் கருத்து இதன் பின்னரே எழுகின்றது. இலங்கையில் இலவசக் கல்வி 1945ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. பேராதனை மருத்துவ பீடம் 1962இல் தோன்றியது. இவற்றைத் தாங்கிய அரச வருவாயிற் பெரும்பகுதி நெடுங்காலம் தேயிலை முதலிய தோட்டப் பயிர்களின் ஏற்றுமதியிலிருந்து கிடைத்தது என்பதைப் பொருளியல் பயின்றோர் அறிவர். கொழுந்து பறித்தவரோ, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். அவர்தம் பிள்ளைகள் பயின்ற தோட்டப் பாடசாலைகள் 1970களிலேயே அரசாங்கத்தின் கைக்கு வரத் தொடங்கின. தன் பிள்ளை நுழைய இயலாத பல்கலைக்கழகத்தின் செலவுக்குத் தன் உழைப்பால் பங்களித்த ஒருத்தி, முதுமையில் இரத்தோட்டையிலிருந்து பேருந்தேறி மாத்தளை மருத்துவமனைக்கு வந்து, இளம் மருத்துவரைக் கண்டதும் எழுந்து நின்று கைகூப்புகின்றாள். கைகூப்ப வேண்டியவர் யார் என்னும் ஐயம் அங்கே பிறக்கின்றது.

இதற்கு வலிய மறுப்பொன்றுண்டு. யாழ்ப்பாணத்திலோ அட்டனிலோ ஏழைக் குடும்பமொன்றில் பிறந்து, தன் முயற்சியால் மருத்துவராகிய பெண்ணொருத்தியின் தலையில் நாட்டின் பழைய கடன்களையெல்லாம் ஏற்றுதல் முறையோ? முறையன்று. தோட்ட மக்களின் நலத்தைப் புறக்கணித்தவை அரசாங்கங்களும் நிருவாகங்களுமே. அப்புறக்கணிப்பை இளம் பட்டதாரிகளின் தியாகத்தால் ஈடுசெய்யுமாறு மேடையில் நின்று வேண்டுவோர், பெரும்பாலும் தம் பொறுப்பைத் தட்டிக்கழிப்போரே ஆவர். மேலும், கடன் என்பது அடைபடக்கூடியது. பட்டதாரிகள் குறித்த காலம் அரச சேவையில் இருத்தல்வேண்டும் என 1961இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. காலம் முடிந்ததும் கணக்கும் முடிந்தது என ஒருவர் வாதிப்பின், அச்சட்டத்தின் எல்லைக்குள் அவர் கூறுவது சரியே.

ஆனால், தமிழிற் கடன் என்னும் சொல்லுக்கு இரு பொருளுண்டு. திருப்பிச் செலுத்த வேண்டிய பொருளும் கடன். செய்தே தீரவேண்டிய செயலும் கடன். முன்னது கணக்கிற்கு உட்பட்டது, பின்னது உட்படாதது. இவ்வேறுபாட்டை விளக்கும் கதையொன்று மாத்தளையோடு தொடர்புடையது. நகருக்கு வடக்கே சிறிது தொலைவில் அலுவிகாரை உள்ளது. வாய்வழி வந்த பாளித் திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பெற்ற இடம் அது என்பது மரபு. அப்பிடகத்தின் விநயப் பகுதியில், வயிற்றுளைவுற்றுத் தன் கழிவிலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் புத்தரும் ஆனந்தரும் நீராட்டிக் கட்டிலிற் கிடத்திய செய்தி வருகின்றது. ஏனையோர் அவரைப் பேணாமைக்குக் காரணம் யாதெனப் புத்தர் வினவுகின்றார். அவர் எங்களுக்கு எதுவும் செய்ததில்லை என்பதே விடை. அப்பிக்குகள் கொடியவரல்லர், அவர்கள் கணக்குப் பார்த்தனர், அவ்வளவே. நோயுற்றவரின் கணக்கில் வரவு ஏதுமில்லை. அவருக்கு நீர் வார்த்த கைகள் கணக்கைப் பார்க்கவேயில்லை. தேயிலைப் பணத்தின் கதையை ஒரு பட்டதாரி மறந்துபோனாலும், ஏற்க மறுத்தாலுங்கூட, முன்னே கிடப்பவர் நோயாளி என்னும் ஒன்றே போதும் என்பது இக்கதையிலிருந்து பெறப்படும்.

அக்கடனைச் செலுத்தும் நாணயம் யாது? மொழி அதில் முதன்மையானது. அமெரிக்க மிசனைச் சேர்ந்த சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலிருந்து பணியாற்றி, மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், நூல்களையும் தமிழாக்குவித்தார். ஆங்கிலத்திற் பயின்றோர் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியே செல்வர், தமிழிற் பயின்றோர் தம் மக்களிடையே தங்குவர் என்பது அவர் கொண்ட காரணங்களுள் ஒன்று. இன்று மருத்துவக் கல்வி ஆங்கிலத்தில் நடைபெறுகின்றது. அதனை மாற்றுதல் எளிதன்று. மாத்தளையிலோ வைத்தியர் சிங்களமும் தமிழும் கேட்க நேரிடும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. எனினும், நெஞ்சு 'அடைக்கிறது' என்பதற்கும் 'குத்துகிறது' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எந்தத் திருத்தமும் கற்பிக்காது. தமிழ் மருத்துவர்க்கும் இது பொருந்தும். லக்கலைக் கிராமத்துச் சிங்கள விவசாயியின் வலியை மருத்துவத் தாதியின் மொழிபெயர்ப்பிலேயே ஆண்டுக்கணக்கிற் கேட்டுக்கொண்டிருப்பவர், மற்றவரைக் குறைகூறும் தகுதியை இழக்கின்றார்.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் கருதுமாறு வைத்தியரைப் பணிக்கின்றார். நோயாளியின் அளவு என்பது உடல் எடை மட்டுமன்று. தோட்டத்தில் ஒருநாள் வேலை 'பெயர்' எனப்படும். குறித்த அளவு கொழுந்து இல்லையேல் அரைப்பெயர்தான். சிகிச்சை இலவசமாயினும், அதற்காக வரும் தொழிலாளிக்கு அன்றைய பெயர் இல்லை. 'அடுத்த கிழமை வாருங்கள், அதற்கடுத்த கிழமையும் வாருங்கள்' என எழுதுவது வைத்தியருக்கு ஒரு வரி. அவளுக்கு இருநாட் கூலி. இரண்டு பரிசோதனைகளை ஒரே நாளில் அமைத்துக்கொடுத்தல் தியாகமன்று. அதற்குப் பொன்னாடை போர்த்துவாருமில்லை.

மருந்து இல்லாதவிடத்தும் செலுத்தவேண்டியது ஒன்றுண்டு. வட மத்திய மாகாணத்தில் 1990களில் இனங்காணப்பட்ட, காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய், மாத்தளை மாவட்டத்தின் வில்கமுவப் பகுதியையும் பற்றியுள்ளது. எதனால் வந்தது என வினவும் விவசாயிக்கு, இன்னும் தெரியவில்லை என்பதே நேர்மையான விடை. கொடையாளி தன் வறுமையைக் காட்ட நாணுவான்; ஆதலால் ஏதேனும் ஒரு காரணத்தைச் சொல்லி அனுப்பிவிடுவான். கடன்பட்டவனோ கையிலுள்ளதைக் காட்டிப் பேசியாகவேண்டும்.

நாட்டைவிட்டுச் செல்லும் மருத்துவர் பற்றியும் ஒருவார்த்தை. 2022 மார்ச்சு இறுதியில், பேராதனைப் போதனா வைத்தியசாலையில் மருந்துத் தட்டுப்பாட்டினால் வழமையான அறுவைச் சிகிச்சைகளே நிறுத்தப்பட்டன. அந்நெருக்கடியின் பின் பலர் கடல் கடந்தனர். அவர்களைத் துரோகிகள் என ஏசுதல் எளிது. குழந்தையின் பால்மாவுக்கு வரிசையில் நின்ற ஒருவரை நோக்கி அதனைக் கூறுதல் அழகன்று. அயல்நாட்டு நோயாளியும் நோயாளியே. அவர்பாலும் கடன் அதே கடன்தான். ஆயினும், புறப்படும் முறையில் வேறுபாடுண்டு. கிளினிக்குக்கு மாதந்தோறும் வந்த முதியவரின் கொப்பியில், எந்த மருந்து ஏன் மாற்றப்பட்டது, எதனை அவர் உடல் ஏற்கவில்லை என்பவற்றை அடுத்து வருபவர் வாசிக்கத்தக்க கையெழுத்தில் எழுதிவைத்துவிட்டுச் செல்வோரும் உளர். எழுதாது செல்வோரும் உளர். அம்முதியவர் அடுத்த மாதமும் அதே பேருந்தில் வந்து, அதே வாங்கில் அமர்ந்து, புதிய வைத்தியரிடம் அந்தக் கொப்பியையே நீட்டுவார்.