பசிக்காத பிராணியும் நம் கருணையும்

2023 பிப்ரவரியில் கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்திலுள்ள இரிஞ்ஞாடப்பிள்ளி கிருஷ்ணன் கோவிலுக்கு ஒரு யானை காணிக்கையாக வந்தது. உயரம் ஏறத்தாழ 11 அடி, எடை 800 கிலோ. இரும்புச் சட்டத்தின் மேல் ரப்பர் தோல் போர்த்தியிருந்தார்கள். தலையும் காதும் தும்பிக்கையும் மோட்டாரால் அசைந்தன. இனி உயிருள்ள யானையை வைத்திருப்பதோ வாடகைக்கு அழைப்பதோ இல்லை என்று கோவில் எடுத்த முடிவுக்காகப் பீட்டா இந்தியா அமைப்பு அதை வழங்கியது. பின்னர் நீலகிரி கூடலூர் வட்டாரத்துக் கோவில் ஒன்றுக்கும் அப்படியொரு யானை வந்து சேர்ந்தது. காட்டில் கூட்டத்தோடு திரிய வேண்டிய உயிரைச் சங்கிலியில் கட்டி, வெடிச் சத்தத்துக்கும் தீப்பந்தத்துக்கும் நடுவே நிறுத்துவது பக்தி ஆகாது. அந்த யானையின் இடத்தில் இயந்திரம் நிற்பது அறம்தான். ஆனால் இதே நியாயத்தை வீட்டுப் பிராணிகளுக்கும் நீட்டி, நாய்க்குப் பதில் இயந்திர நாய், பூனைக்குப் பதில் இயந்திரப் பூனை என்று சொல்லலாமா? சொல்லக்கூடாது என்பதே என் வாதம். விலங்கை நம் பிடியிலிருந்து விடுவிக்கும் இயந்திரம் ஒன்று. விலங்குக்கு நாம் செய்ய வேண்டிய கடமையிலிருந்து நம்மை விடுவிக்கும் இயந்திரம் வேறொன்று.

மலேசியாவின் கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், ஈஜோக் பக்கத்துத் தோட்டங்களின் பழைய வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இந்த வேறுபாடு புரியாததல்ல. பால்மரம் வெட்டப் போகுமுன் விடியலிலேயே மாட்டைக் கறந்தாக வேண்டும். வேலை முடிந்து வந்த கையோடு புல்லறுக்கப் போக வேண்டும். கன்று ஈன்றால் சீம்பால் அக்கம்பக்கத்து லயத்து வீடுகளுக்கும் போகும். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் பூசி, மாலை போட்டு, பொங்கலை முதலில் அதற்கு ஊட்டுவார்கள். வருமானத்துக்காகத்தான் மாடு வளர்த்தார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் அது மழையென்றும் காய்ச்சலென்றும் பாராமல், அந்த வீட்டு மனிதர்களைத் தினமும் இன்னோர் உயிரின் பசிக்குப் பதில் சொல்ல வைத்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்ப் பல இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. மக்கள் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தபோது கொட்டகை கூடவே வரவில்லை. அந்த வெற்றிடத்தைத்தான் நாளை இயந்திரப் பிராணி நிரப்ப வரும்.

நம் சமயம் இதில் தெளிவாகவே பேசுகிறது. திருமூலர் எல்லாருக்கும் எளிதான அறங்களை எண்ணும்போது, பசுவுக்கு ஒரு வாய் கொடுப்பதை இறைவழிபாட்டுக்கு அடுத்து வைக்கிறார். பெரியபுராணத்து மனுநீதிச் சோழன் கதையில், கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்து அரசனிடமே முறையிடுகிறது. கன்றின் சாவுக்குக் காரணமானவன் இளவரசன் என்பதற்காக அந்த முறையீடு தள்ளுபடியாகவில்லை. வள்ளலாருக்குப் பசித்த உயிரின் துன்பம் கண்டு உருகுவதே இறைவழிபாடு. 1867இல் வடலூரில் அவர் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் எரிகிறது. இந்த மூன்றிலும் கருணை பிறக்கும் இடம் ஒன்றுதான்: நம் வசதிக்கு அடங்காத ஓர் உயிரின் தேவை. இயந்திர நாய்க்கு மின்கலம் தீரும், பசி வராது. அணைத்து அலமாரியில் வைத்தாலும் அதற்கு அநீதி எதுவும் நேராது. அநீதி இழைக்கவே முடியாத ஒன்றிடம் கருணை காட்டவும் முடியாது.

கல் நந்தியும் முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட மண் குதிரையும் பதிலிகள்தாமே, தேரிழுத்த மாடுகளின் இடத்தில் பல ஊர்களில் டிராக்டர் வந்துவிட்டதே என்று கேட்கலாம். தேரிழுக்கும் சுமையிலிருந்து மாட்டை விடுவித்தது நல்லதே. கோவில் யானைக்குச் சொன்ன நியாயம் அதற்கும் பொருந்தும். நந்தியோ மாட்டுக்கு மாற்றாக வந்ததல்ல. நந்தியின் காதில் வேண்டுதலைச் சொன்னவர் வீட்டுக்கு வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். சிலை அவர் கடமையை நினைவூட்டியது, குறைக்கவில்லை. இயந்திரப் பிராணியோ உணவும் வேண்டாம், கழிவும் இல்லை, சாவும் இல்லை என்று சொல்லியே விற்கப்படுகிறது.

இதைவிடக் கனமான கேள்வி முதியவர்களைப் பற்றியது. பிள்ளைகள் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்குப் போய்விட, நாய் வளர்க்க அனுமதியில்லாத அடுக்குமாடியில் தனித்திருக்கும் பாட்டிக்கு என்ன வழி? ஜப்பானில் உருவான பாரோ என்ற கடல்நாய்க்குட்டி இயந்திரத்தை அமெரிக்க அரசு 2009இல் மருத்துவச் சாதனமாக ஏற்றது. மறதி நோயாளிகளின் பதற்றத்தைத் தணிக்க அது பயன்படுகிறது. அந்த அளவில் அதை வரவேற்கலாம். ஆனால் மருந்து உறவாகிவிடாது. அதை வாங்கிக் கொடுத்துவிட்டதால் பாட்டியைப் பார்க்கப் போக வேண்டியதில்லை என்று பிள்ளைகள் நினைத்தால், அது தீங்காகவே முடியும்.

ஜப்பானியர் இயந்திர நாயையும் நேசிக்கிறார்களே என்பார்கள். உண்மை. சோனி நிறுவனம் 1999இல் கொண்டுவந்த ஐபோ நாய்களுக்கான பழுதுபார்ப்பு 2014இல் நின்ற பிறகு, இசுமி நகரத்துக் கோஃபுகுஜி புத்தர் கோவிலில் அவற்றுக்கு இறுதிச் சடங்குகள் நடந்தன. உரிமையாளர்களின் துக்கம் மெய்யானது, அதை இகழக் கூடாது. ஆனால் சடங்கு முடிந்த நாய்களின் உதிரி பாகங்கள் வேறு ஐபோக்களுக்குப் போயின. அன்பு முழுவதும் மனிதர் பக்கமே இருந்தது. எதிரே இருந்ததற்கு அந்த அன்பால் வலி ஒன்றும் குறையவில்லை, சுகம் ஒன்றும் கூடவில்லை.

வளர்க்க முடியாதவர் வளர்க்க வேண்டாம். நாயைக் குட்டையான சங்கிலியில் கட்டி வெயிலில் விடுவதைவிட, வளர்க்காமலிருப்பதே அறம். ஆனால் வளர்க்காதவருக்கும் கடமை உண்டு. கோ பூசைக்கு மாடு தேடும் ஆலய நிர்வாகங்கள், இன்னும் மாடு வளர்ப்போருக்கு மேய்ச்சல் இடம் கிடைக்கவும் குரல் கொடுக்கட்டும். தெருநாய்க்கு ஒரு கிண்ணம் தண்ணீரை எந்த வீட்டுவாசலிலும் வைக்கலாம். இயந்திரத்தைக் கருவியாக வைத்துக்கொள்வோம். நம் சோற்றில் ஒரு பிடியை, பசிக்கும் உயிருக்கே கொடுப்போம்.